சிரிச்சுக்கிட்டே பேசு

அந்தப் பாட்ட நிறுத்தாதீங்க தம்பி, ஓடட்டும். நான் எட்டிப் பாக்குறேன்னு சங்கடப்படாதீங்க. எனக்குத் தெரிஞ்ச பாட்டு தான். 'எடுக்காத போனு', சரியா? இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க. ரெண்டு நிமிசம் நாப்பது செகண்டு வரட்டும். ஆங், நிறுத்துங்க. அந்த நீலச் சட்டக்காரன் மூஞ்சியப் பாருங்க. இப்ப என் மூஞ்சியப் பாருங்க.

நான் தான்.

செல்பி எடுக்கலாம், அவசரமில்ல. பஸ்சு இப்பத் தான் திருமங்கலத்த விட்டிருக்கு, தேனிக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. வசனம் சொல்லச் சொல்லாதீங்க, அத மட்டும் கேக்காதீங்க. பாட்டு வந்த புதுசுல கேட்டவனுக்கெல்லாம் சொன்னேன். இன்னைக்கு முடியாது.

கால்மாட்டுல இருக்குறது மருந்துப் பை தான? மருந்து கம்பெனி வேலையா? நல்லதாப் போச்சு. ஒரு வலி மாத்திர தேவப்படுது, அப்பறம் கேக்குறேன். பல்லு வலின்னு நெனைக்காதீங்க. கன்னத்துல கை வச்சிருந்தாலே பல்லு வலின்னு தான் நெனைப்பாக. மடியில மஞ்சத் துணி கட்டி வச்சிருக்கேனே, இது சீர்த் தட்டு. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. மொதல்லருந்து சொன்னாத் தான் புரியும்.

என் பேரு செயக்கொடி. சின்னமனூருல வாழக்கா மண்டி வச்சிருக்கேன். எங்க அய்யா சாகும்போது எனக்கு இருவது வயசு, எந்தங்கச்சி ரஞ்சனிக்கு ஒம்பது. அண்ணன்னு பேரு தான், அப்பன் மாதிரி வளத்தேன். தல சீவிப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டுத் தான் மண்டிக்குப் போவேன். ஒரு நாள் கை ஓங்குனதில்ல. எவன வேணாலும் கேட்டுப் பாருங்க. ஊருல என்கிட்ட அடி வாங்காதவன் கொறச்சல், ஆனா அந்தப் புள்ள மேல ஒரு விரல் பட்டதில்ல.

போன தை மாசம் மதுரையிலருந்து அஞ்சாறு பேரு கேமராவத் தூக்கிக்கிட்டு வந்தாய்ங்க. டைரக்டரு நந்தான்னு ஒரு பய, மீச கூட ஒழுங்கா மொளைக்கல. காதல் தோல்விப் பாட்டாம். வாழத்தோப்புல ஹீரோவையும் ஹீரோயினியையும் ஓட விட்டு எடுத்தாய்ங்க. தோப்புக்காரரு சொல்லி என்னையப் பாக்க மண்டிக்கு வந்தவய்ங்க, பின்னாடி கெடந்த பழைய ரூம்பப் பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டாய்ங்க.

அது காயப் பழுக்கப் போடுற ரூம்பு. இப்பல்லாம் ஏசி ரூம்பு வந்துருச்சு. அப்ப, தார் தாரா அடுக்கி, மூலையில சட்டி வச்சு, சருகக் கொளுத்திப் போட்டுக் கதவச் சாத்திருவோம். கதவிடுக்குல சேறு பூசிருவோம். ரெண்டு நாளு மூட்டத்துல கெடந்து காயெல்லாம் பழமாயிரும். செவரு நாலும் அட்டக் கரி. சன்னல் கெடையாது. உள்ள என்ன நடந்தாலும் வெளிய கேக்காது. பொகையே வெளிய போகாதாம், சத்தம் எங்க போகப் போகுது.

நந்தாவுக்கு அந்த ரூம்பப் பாத்ததும் கிறுக்குப் பிடிச்சிருச்சு. பொண்ணோட அண்ணன் ஹீரோவ அடிக்கிற சீன இங்க தான் எடுக்கணும்னான். அண்ணன் வேசத்துக்கு வர வேண்டிய ஆளு வரல. என்னைய மேலயும் கீழயும் பாத்தான். அண்ணே நீங்களே பண்ணுங்கண்ணேன்னான். எனக்கு எங்க நடிப்பு வருதுன்னேன். நடிக்கவே வேணாம், சும்மா நின்னாலே பயமா இருக்குன்னான். சந்தோசமா இருந்துச்சு தம்பி. நாப்பது வயசுல ஒருத்தன் வந்து ஒங்க மூஞ்சி கேமராவுக்கு நல்லா இருக்குன்னு சொன்னா யாருக்குத் தான் இருக்காது.

என்ன கதைன்னு கேட்டேன். பொண்ணு போன எடுக்க மாட்டேங்குது, பய தாடி வளத்துக்கிட்டு, எடுக்காத போனுக்கு எத்தன மணி அடிக்கும்னு அழுது பாடுறான், கடைசியில பாத்தா அவ ஏமாத்தல, அண்ணன்காரன் தான் பிரிச்சிருக்கான், அது தான் கதைன்னான். சரி, அண்ணன் என்ன பண்ணுவான்னேன். ஹீரோவ அடிச்சு, போனப் புடுங்கி ஒடைப்பான்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. போன ஒடைச்சா நாளைக்கு வேற போன் வாங்குவான்டா. அடிச்சு வெரட்டுனா அந்தப் பொண்ணு வைராக்கியம் பிடிச்சு அவன் பின்னாடியே போயிரும். அடி வாங்குனவன் அவளுக்குச் சாமி ஆயிருவான். அடிக்கிறதே தெரியாம அடிக்கணும். அவன் வாயாலயே அவள வேணாம்னு சொல்ல வைக்கணும். அப்பத் தான் அவளுக்கு மனசு வெறுக்கும்னேன். நந்தா வாயப் பொளந்துட்டான். எப்பிடிண்ணே இப்பிடியெல்லாம் தோணுதுன்னான்.

எப்பிடித் தோணும். ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, நீங்க தேனியில எறங்கி ஒங்க வழியப் பாத்துப் போயிருவீங்க.

ஒம்போது வருசத்துக்கு முந்தி எங்க பஸ் ஸ்டாண்டுகிட்ட ரூபன்னு ஒரு பய செல்போன் கட வச்சிருந்தான். மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் குடுப்பான். ரஞ்சனி காலேஜுக்குப் போற வழியில அங்க பாட்டு ஏத்தப் போயிருக்கு. ஒரு தடவ ஏத்துனாப் பத்தாதா? வாரத்துக்கு ரெண்டு தடவ ஏத்துச்சு. என் கூட்டாளி மொக்கராசு தான் வந்து சொன்னான். பய யாரு எவருன்னு விசாரிச்சேன். நம்ம ஆளு இல்ல. அதுக்கு மேல நீங்களும் கேக்க வேணாம், நானும் சொல்ல வேணாம்.

ரெண்டு பேரும் கெளம்புறதுக்கு நாள் குறிச்சுட்டாய்ங்கன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கு மொத நாளு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, மண்டிக்கு ஒரு போனு ரிப்பேரு இருக்கு வாப்பான்னு மொக்கராசு அவனக் கூட்டியாந்தான். அந்த ரூம்புக்குத் தான்.

நான் கோவத்துல அடிக்கல தம்பி. இத எழுதி வச்சுக்கங்க. கோவத்துல அடிச்சிருந்தா அன்னைக்கே செத்திருப்பான். நிதானமா அடிச்சேன். கீழ வாழச்சருகு விரிச்சுப் போட்டேன், ரத்தம் தரையில படக்கூடாதுன்னு. மொக்கராசு பின்னாடி கையப் பிடிச்சுக்கிட்டான். வயித்துல நாலு, விலாவுல நாலு. அவன் சட்டையக் கழட்டிட்டுத் தான் அடிச்சோம், கிழியக்கூடாது பாருங்க. அவன் கத்துனான். கத்திப் பாத்து ஒரு பயலும் வரலன்னதும் நிறுத்திட்டான். அப்பறம் தாடையில ஒண்ணு விட்டேன். அது கொஞ்சம் கூடப் போயிருச்சு. கடக்குனு சத்தம் கேட்டுச்சு. வாய் ஒரு பக்கமாப் போயிருச்சு. மெமரி கார்டு சொருகுற வெரலு ரெண்டையும் மடக்கி ஒடிச்சேன். அப்பவும் அவ பேர விட மாட்டேங்குறான்.

சரின்னு சட்டியில சருகப் போட்டுக் கொளுத்தி, நாங்க வெளிய வந்து கதவச் சாத்திட்டோம். ஒரு பீடி பிடிக்கிற நேரம் தான். தொறந்தா தரையில மூக்க வச்சுக்கிட்டு, கதவிடுக்குல மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான். தண்ணி குடுத்தேன். என் துண்ட நனைச்சு நானே மூஞ்சியத் தொடச்சேன். தொடச்சு, அவன் போன எடுத்து, ரஞ்சனி நம்பரப் போட்டு அவன் காதுல வச்சேன். ஒன் வீட்டுல அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இருக்காக, தெருக் கடைசி வீடு, கூர வீடுன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. அவனுக்குப் புரிஞ்சுருச்சு.

அழுதுக்கிட்டே பேச ஆரம்பிச்சான். நான் போன மூடிக்கிட்டுச் சொன்னேன்: "சிரிச்சுக்கிட்டே பேசு. அழுதா அவளுக்குத் தெரிஞ்சுரும்."

சிரிச்சான் தம்பி. தாடை பெசகிக் கெடக்கு, தொண்ட பூராம் பொகை, இருமி இருமிச் சிரிச்சான். வீட்டுல வேற பொண்ணு பாத்துட்டாக, நீ ஒன் வழியப் பாத்துக்கன்னான். அவ, ஏன் சிரிக்கிற, வெளையாடுறியான்னு கேட்டது எனக்கே கேட்டுச்சு. அதுக்கும் சிரிச்சான். போன வச்சுட்டா.

அம்புட்டுத் தான். சட்டைய மாட்டி விட்டு, பட்டன் போட்டு விட்டு, வண்டியில விழுந்துட்டான்னு சொல்லி மொக்கராசு ஆஸ்பத்திரியில எறக்கி விட்டுட்டு வந்துட்டான். ஒரு வாரத்துல குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டாக. போலீசு கேசு ஒண்ணுமில்ல. எவ்வளவு சுத்தமா முடிச்சேன் பாருங்க.

ரஞ்சனி பத்து நாளு சோறு திங்கல. ஒரு நாளு என் தோள்ல சாஞ்சு அழுதுச்சு. "விட்டுட்டுப் போனதக் கூடப் பொறுத்துக்குவேண்ணே, சிரிச்சுக்கிட்டே சொன்னான்ணே, அவனுக்கு நான் சிரிப்பாப் போயிட்டேண்ணே" அப்பிடின்னு. நான் தலையத் தடவிக் குடுத்தேன். நாசமாப் போவான்னு மண்ண வாரித் தூத்துச்சு. அந்தச் சிரிப்பு ஒண்ணுக்காகவே அடுத்த வருசம் நான் காட்டுன மாப்ளைக்குக் கழுத்த நீட்டுச்சு. திருமங்கலத்துல வாத்தியாரு. தங்கமான மாப்ள. அஞ்சு வயசுல மிதுனான்னு ஒரு பொண்ணு. நான் பண்ணது தப்புன்னா அந்தப் புள்ள எப்பிடி வந்துச்சு? சொல்லுங்க பாப்போம்.

சரி, சூட்டிங்குக்கு வாரேன்.

மொத தடவ எடுக்கும்போது நந்தா, அண்ணே காத்துல அடிங்க, படாமன்னான். எனக்குக் காத்துல அடிக்கிறது வராது. ரெண்டாந் தடவையும் சரியா வரல. ஹீரோ பய வேற, அடி விழுகுறதுக்கு முன்னாடியே ஆத்தாங்குறான். நந்தா என்கிட்ட வந்து, அண்ணே நான் சொன்னதெல்லாம் விட்டுருங்க, ஒங்க சொந்தத் தங்கச்சியா இருந்தா என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்கன்னுட்டு, கேமராவ ஓட விட்டுட்டான்.

அந்த ரூம்புல அந்தக் கரி வாசம் இன்னும் போகல தம்பி. கை தன்னால போச்சு. ஹீரோ முடியக் கொத்தாப் பிடிச்சுச் செவத்துல ஒரு சாத்து. ஒதடு கிழிஞ்சுருச்சு. வயித்துல ரெண்டு, நெசமாவே விழுந்துச்சு. கீழ சுருண்டுட்டான். நெஞ்சுல முட்டிய வச்சு அமுக்கி, துண்ட நனைச்சு மூஞ்சியத் தொடச்சு, போன எடுத்துக் காதுல வச்சேன். எவனும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. வாயும் தன்னால வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே பேசு, அழுதா அவளுக்குத் தெரிஞ்சுரும். ஹீரோ பய நெசமாவே அழுதான். ரத்தமும் சளியுமாச் சிரிக்கப் பாத்தான். கட் சொல்லக்கூட நந்தாவுக்கு வாய் வரல.

பாட்டுல அந்த எடத்துல மியூசிக்க நிறுத்திட்டு என் கொரலு மட்டும் விட்டுருக்கான், பாத்தீங்கள்ல. நாப்பது லட்சம் பேரு பாத்தாகளாம். பாட்ட விட வசனம் பிச்சுக்கிட்டுப் போச்சு. புருசன் பொண்டாட்டி, காலேஜ் பசங்க, பல்லு போன கெழவன் வரைக்கும் என் வசனத்த வச்சு ரீல்சு போடுறாய்ங்க. கீழ எழுதியிருக்குறதப் படிச்சீங்களா? 'நீலச் சட்ட அண்ணன் நடிக்கல, வாழ்ந்திருக்காரு.' அத நான் ஒரு நாளைக்குப் பத்து தடவ படிப்பேன். எஞ்சம்சாரம் மட்டும், பாத்தா நடிப்பு மாதிரி தெரியலையேன்னுச்சு. ஒண்ணு விட்டேன். அது வேற விசயம்.

பாட்டு வந்து பத்தாம் நாளு, காலையில ஏலம் ஓடிக்கிட்டிருக்கும்போது ரஞ்சனி போன் பண்ணுச்சு. பாட்டப் பாத்தேண்ணேன்னுச்சு. எனக்குப் பெரும பொத்துக்கிட்டு வந்துருச்சு. எப்பிடித்தா இருக்கு அண்ணன் நடிப்புன்னேன். அது வேற ஒண்ணு கேட்டுச்சு.

"அந்த வசனம் டைரக்டரு எழுதுனதாண்ணே?"

இந்த எடத்துல தான் தம்பி எனக்குச் சனி நாக்குல உக்காந்துருந்துச்சு. ஆமாத்தா, அந்தப் பய எழுதுனது தான்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அந்தப் புள்ளையும் அதத் தான் எதிர்பாத்துச்சு போல. ரெண்டாந் தடவையும் கேட்டுச்சு, டைரக்டரு எழுதுனது தானண்ணே, சொல்லுண்ணேன்னு. கொரலே கெஞ்சுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவனுக்கெங்க இதெல்லாம் தெரியும், பச்சப் பய, அது அண்ணன் சொந்தமாச் சொன்னதுத்தான்னேன். சுத்தி இருந்த ஏவாரிக கேக்கட்டும்னு சத்தமா வேற சொன்னேன்.

போன் கட்டாயிருச்சு. திரும்ப அடிச்சேன், எடுக்கல. மறுநாளும் எடுக்கல. ஒரு மாசம் எடுக்கல. எடுக்காத போனுக்கு எத்தன மணி அடிக்கும்னு இந்தக் கருமம் பிடிச்ச பாட்டு பஸ்சு, டீக்கட, மண்டின்னு எங்கிட்டுப் போனாலும் பாடுது, எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? டீக்கட சுப்புராயன் என் கொரலப் போனு மணியா வச்சிருந்தான். சிரிச்சுக்கிட்டே பேசுன்னு அது கத்துச்சு. கொதிக்கிற பால்சட்டியத் தூக்கி அவன் மேல எறிஞ்சேன். கை வெந்து போச்சு அவனுக்கு. இருவது வருசப் பழக்கம். என்ன பண்ண, ஆத்திரம் அடங்கல.

மதுரைக்கு நந்தா ஆபீசுக்கே போனேன். பாட்ட அழிடான்னேன். அண்ணே இது நம்ம கையில இல்லண்ணே, ஊரு பூராம் எடுத்து வச்சிருக்காகன்னான். கம்ப்யூட்டரத் தூக்கித் தரையில போட்டு மிதிச்சேன். தடுக்க வந்த நந்தா கையப் பிடிச்சு முறுக்குனேன், மணிக்கட்டு பெசகிருச்சு. கீழ விழுந்து கெடந்தவன் என்னைய நிமுந்து பாத்து, அண்ணே, அன்னைக்கு நீங்க நடிக்கலயாண்ணேன்னு கேட்டான். மறுபடி மிதிக்கக் காலத் தூக்குனேன். ஏனோ மிதிக்காம வந்துட்டேன்.

போன வெள்ளிக்கெழம ரஞ்சனி போன் பண்ணுச்சு. நம்பவே முடியல. ஞாயித்துக்கெழம மிதுனாவுக்குக் காது குத்து, மாமன் மடியில உக்கார வைக்கணும், வந்துருங்கன்னுச்சு. எப்பவும் வாண்ணே போண்ணேன்னு தான் பேசும். அன்னைக்கு வாங்கன்னுச்சு. சபையில மாமன்காரனுக்கு மரியாத குடுக்குது, கோவம் தணிஞ்சுருச்சுன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூடப் பெறந்தது எங்கிட்டுப் போகும் தம்பி. வெள்ளித் தட்டு, பட்டுப் பாவாட, ஒரு ஜோடித் தங்கத் தோடு, மால, பழம்னு வாங்கிக்கிட்டு இன்னைக்கு விடியக் கெளம்பி வந்தேன். சம்சாரம் வரலன்னுருச்சு.

கோயில்ல எரநூறு பேரு. ரஞ்சனி வந்து வாங்கன்னுச்சு, தண்ணி குடுத்துச்சு. மூஞ்சியில ஒண்ணும் தெரியல. மாப்ள மட்டும் என் கண்ணப் பாக்கல. பந்தலுக்கு நடுவுல பாய் போட்டு என்னைய உக்கார வச்சாக. மால போட்டாக. நான் சம்மணங்கூட்டி, மடியில துண்ட விரிச்சு, புள்ளைக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். ஆசாரி ஊசியத் தொடச்சுக்கிட்டிருக்காரு.

ரஞ்சனி புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. ரெண்டு கையையும் நீட்டுனேன். என்னையத் தாண்டிப் போயி, எனக்குப் பக்கத்துலயே பாயில உக்காந்து, புள்ளையத் தன் மடியில வச்சுக்கிருச்சு. குத்துங்க ஆசாரின்னுச்சு.

ஆசாரிக்கு ஒண்ணும் வெளங்கல. மாமன் இருக்கும்போது ஆத்தா மடியில வச்சுக் குத்துறதாம்மான்னாரு. மாப்ள வீட்டுப் பெரியவக ரெண்டு பேரு எந்திரிச்சு வந்தாக. என்னத்தா இது, மாமன் பக்கத்துல உக்காந்துருக்காருல்லன்னாக. ரஞ்சனி சத்தம் போடல.

"இவளுக்கு மாமன் இல்ல. ஒம்போது வருசத்துக்கு முன்னாடியே செத்துப் போயிட்டாரு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. அந்தச் சபையில எவனாவது அந்த வார்த்த சொல்லியிருந்தா நாக்க அறுத்திருப்பேன். கை இறுகிருச்சு. எந்திரிக்கப் போனேன். ரஞ்சனி என் முழங்கால்ல கைய வச்சு அமுக்குச்சு. வாய என் காதுகிட்ட கொண்டாந்துச்சு.

"திருப்பூருக்குப் போனோம், நானும் எங்க வீட்டுக்காரருமா. ரூபனப் பாத்தேன். இட்டிலியப் பிச்சுத் தான் வாய்க்குள்ள போட முடியுது, ஒரு பக்கம் தொறக்க மாட்டேங்குது. ஒம்போது வருசமா நான் அந்தாள நாசமாப் போகன்னு வஞ்சிருக்கேன். நீங்க எந்திரிச்சுப் போனீங்கன்னா, ஏன்னு கேக்குற ஒவ்வொருத்தருக்கும் நான் சொல்லுவேன். உக்காந்துருங்க. சிரிச்சுக்கிட்டே உக்காந்துருங்க. அழுதா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

சொல்லிட்டு நிமுந்து உக்காந்துருச்சு. ஆசாரி குத்துனாரு. புள்ள வீல்னு கத்துச்சு, மாமா மாமான்னு என் பக்கம் கைய நீட்டுச்சு. நான் வாங்கல. போட்டா எடுக்குறவன் வேற முன்னாடி வந்து நின்னுக்கிட்டு, மாமா கொஞ்சம் சிரிங்க மாமாங்குறான்.

சிரிச்சேன் தம்பி. காது குத்தி முடியுற வரைக்கும் சிரிச்சேன். ஒவ்வொரு குடும்பமா வந்து பின்னாடி நின்னு போட்டா எடுத்தாக, அம்புட்டுக்கும் சிரிச்சேன். பந்தியில உக்கார வச்சாக, சோறு எறங்கல, எலையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். சீர்த் தட்டத் தொட்டுக்கூடப் பாக்காம என் கையிலயே குடுத்து விட்டுருச்சு. பஸ் ஸ்டாண்டு வந்து தான் வாய மூடுனேன். மூட முடியல. கன்னமெல்லாம் இழுத்துப் பிடிச்சுக்கிருச்சு.

அந்தப் போன எங்கிட்டுக் கொண்டு போறீங்க? கையில வைங்க. நகந்து உக்காராதீங்க. ஒங்கள ஒண்ணும் பண்ண மாட்டேன். ஆமா, முன்னாடி சீட்டு காலியாத் தான் இருக்கு. மாத்திரையக் குடுத்துட்டுப் போங்க.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுது பஸ்சு. அந்தப் பாட்ட ஒரே ஒரு தடவ போடுங்க. அந்த எடம் மட்டும். என்னையப் பாக்க வேணாம், கீழ கெடக்கானே, அவன் வாயப் பாருங்க. அந்த ஹீரோ பயலுக்கு ஒதடு மட்டும் தான் கிழிஞ்சிருந்துச்சு. அதுக்கே சிரிக்க முடியாம என்ன பாடு படுறான் பாருங்க.

ஒரு மாத்திர பத்தாது தம்பி, ரெண்டாக் குடுங்க. தாடை தெறிக்குது. இந்தா, இங்க, காதுக்குக் கீழ. தொட்டுப் பாருங்க, வீக்கம் ஏதும் இருக்கா? இருக்காது. என்னைய யாரும் அடிக்கல. சும்மா சிரிச்சதுக்கே இம்புட்டு வலி.